பைக்கின் சத்தமும் என் பழைய பதிவும்

 

கொஞ்சம் நீளமான பதிவு. நேரமில்லாதவர்கள் கடைசிப் பகுதியையாவது வாசித்துவிட்டுப் போங்கள். மூன்று மாதத்துக்கு முன் இதே பக்கத்தில் நான் போட்ட ஒரு பதிவுக்கான திருத்தம் அங்கேதான் இருக்கிறது.

அந்தப் பதிவு சிலருக்கு ஞாபகம் இருக்கும். "பழைய பைக் வாங்குவோர் கவனம்" என்று தொடங்கியிருந்தேன். நம்பி வாங்கினேன், குறையை மறைத்து விற்றுவிட்டார், வயதுக்கு மரியாதை கொடுத்ததுக்கு இதுதான் பலன் என்று எழுதியிருந்தேன். பெயர் எழுதவில்லை. எழுதவில்லை என்று எனக்கு நானே பெருமைப்பட்டும் கொண்டேன். ஆனால் உவர்மலையில் ஒரு மாஸ்டர் யாரிடம் பைக் வாங்கினார் என்று தெரியாத ஆள் யார்? பைக்கின் படத்தையும் போட்டிருந்தேனே.

சரி, ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன்.

நான் படிப்பிப்பது கிண்ணியாப் பக்கம் ஒரு பாடசாலையில். ஓர்ஸ் ஹில்லில் இருந்து இறங்கி, கண்டி வீதியில் ஏறி, சீனக்குடா தாண்டி, கிண்ணியாப் பாலத்தால் அக்கரை போக வேண்டும். ஏறக்குறைய இருபது கிலோமீற்றர். வாப்பா காலத்தில் அந்த இடத்தில் பாதைதான் ஓடியது. பாதை தவறினால் அரை நாள் போச்சு என்பார். 2009 இல் பாலம் திறந்த பிறகு அந்தக் கவலை இல்லை. 396 மீற்றர் பாலம், இரண்டு பக்கமும் தண்ணீர், காலைக் காற்று. பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனவனுக்கு அதைப் பைக்கில் கடக்க வேண்டும் என்பது பழைய ஆசை. 2022 எரிபொருள் நெருக்கடியில், மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நாலு லீற்றர் என்று கியூ.ஆர். காட்டி அடித்த நாட்களில், பைக் இல்லாதது நல்லதென்று இருந்தேன். நெருக்கடி குறைய ஆசை திரும்பி வந்தது.

ஆனால் விலை? 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியதோடு புதிய பைக் என்பது அப்போது கனவாகியிருந்தது. பழையதுக்கும் புதியதின் விலை. என் மனைவியின் இரண்டு காப்பும், நாலு வருடம் கட்டிய சீட்டுக் காசும் சேர்த்துத்தான் இந்தப் பைக். 100 சிசி. முன்னும் பின்னும் ட்ரம் பிரேக். கம்பனியின் பெயர் தேவையில்லை. எந்தச் சந்தியில் நின்றாலும் பத்து நிமிடத்துக்குள் நாலு கடந்து போகும்.

விற்றவர் எங்கள் பகுதியிலேயே, உட்துறைமுகத்தைப் பார்த்த பக்கம் இருக்கிற ஒரு பெரியவர். கப்பல் வேலைத்தளத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். கண்ணில் சத்திரசிகிச்சை செய்த பிறகு பிள்ளைகள் ஓட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு வருடமாகப் பைக் முற்றத்தில், ஒரு படங்கின் கீழே. மீற்றரில் ஓட்டம் குறைவு. சீற் கிழியவில்லை. ஒழுங்கைக்குள்ளே ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தேன். இஞ்சின் தையல் மெசின் மாதிரி ஓடியது. காசைக் கொடுத்தேன்.

அடுத்த நாள் பெரிய வீதிக்கு ஏறியதும் சத்தம் தொடங்கியது.

அது எப்படிப்பட்ட சத்தம் என்று எழுத்தில் சொல்வது கஷ்டம். முப்பதுக்கு மேல் வேகம் போனதும் "கீ...ச்" என்று மெல்லிசாக எழும்பும். வேகம் கூடக் கூட அதன் சுருதியும் ஏறும். ஐம்பதைத் தாண்டினால் ஓய்ந்துவிடும். பனி இறங்கிய காலைகளில் இன்னும் கூட. சீனக்குடாவில் நடந்து போகிற பிள்ளைகள் காதைப் பொத்துவார்கள். பாடசாலை வாசலில் எட்டாம் வகுப்புப் பொடியன்கள் எனக்கு "கிளிச் சேர்" என்று பெயர் வைத்துவிட்டார்கள். நான் கேட்காத மாதிரிப் போய்விடுவேன்.

கேலி கிடக்கட்டும். உண்மையில் பயம் வேறு. கிழமைக்கு இரண்டு தடவை மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு அந்தப் பாலத்தைக் கடக்கிறேன். மகளை முன்னுக்கு டாங்கியில் இருத்தி, சின்னவனை எங்கள் இருவருக்கும் நடுவில் இருத்தி. (சட்டம் என்ன சொல்கிறது என்று எனக்கும் தெரியும். ஆசிரியர் சம்பளம் என்ன சொல்கிறது என்று உங்களுக்கும் தெரியும்.) எங்கோ ஓர் இரும்பு இன்னோர் இரும்பைத் தின்கிற சத்தம் அது. எங்கே என்று தெரியாமல் நாலு உயிரை வைத்து ஓட்டுவது லேசான காரியமில்லை.

முதலில் பெரியவருக்குத்தான் கோல் எடுத்தேன். "ஐயா, பைக்கில ஒரு சத்தம் வருது, உங்களுக்குத் தெரியுமா?" என்றேன். "என்ன தம்பி?" என்றார். திரும்பவும் சொன்னேன். "சத்தமோ? நான் ஓடினகாலம் ஒரு சத்தமும் இல்லையே தம்பி" என்றார். அவ்வளவு துல்லியமாக, தயங்காமல் சொன்னார். எனக்கு அந்த இடத்திலேயே விட்டுப் போயிற்று. அன்று இரவு அந்தப் பதிவைப் போட்டேன்.

பதிவு பரவியது. "உண்மை சேர்", "இப்பிடித்தான் எனக்கும்" என்று ஆட்கள் எழுதினார்கள். நடுவில் ஒருவர், பெரியவர் எந்தச் சமூகத்தவர் என்று ஊகித்து, "அவங்கட ஆக்கள் இப்பிடித்தான்" என்று எழுதினார். அதுக்குப் பதினான்கு பேர் லைக் போட்டிருந்தார்கள். நான் அதைப் பார்த்தேன். நான் லைக் போடவில்லை. அழிக்கவும் இல்லை. இதைத்தான் இன்றைக்கு எழுத வெட்கமாக இருக்கிறது. பைக்கைப் பற்றி எழுதுவது லேசு.

பிறகு மெக்கானிக்குகளின் முறை. முதலாவது கராஜில், "செயின் கிட் முடிஞ்சி சேர், மாத்தினாச் சரி" என்றார்கள். மாற்றினேன். சத்தம் அப்படியே. இரண்டாவது இடத்தில் பிரேக் சூ கண்ணாடி மாதிரி மினுங்குதாம், அதுதான் கீச்சிடுதாம். இரண்டு சில்லுக்கும் மாற்றினேன். சத்தம் அப்படியே. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ட்ரம் பிரேக்கின் சூ வழுவழுப்பாகிப் போனால் கீச்சிடுவது உண்மை. செயின் காய்ந்து போனால் கத்துவதும் உண்மை. அதோடு, நான் கராஜுக்குக் கொண்டு போனால் அங்கே சத்தமே வராது. சென்ரர் ஸ்டாண்டில் போட்டு, கியரில் விட்டு, முறுக்கிப் பார்ப்பார்கள். பின்சில்லு சுற்றும். ஒரு சத்தமும் இல்லை. "சேர், நல்லாத்தானே இருக்கு?" என்று என் முகத்தைப் பார்ப்பார்கள். பல்வலிக்காரன் டாக்குத்தரின் கதிரையில் இருந்ததும் வலி போகிற கதை.

இந்த "கராஜில் சத்தம் வராது" என்பதுதான் முழு விடையும். அது என் மண்டையில் ஏற மூன்று மாதம் எடுத்தது.

நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். அட்டாளைச்சேனை கல்வியியற் கல்லூரியில் எங்களுக்கு முதலில் சொல்லித் தந்ததே, ஒரு நேரத்தில் ஒரு மாறியை மட்டும் மாற்று, மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும் என்பதுதான். ஒவ்வொரு வருடமும் பிள்ளைகளுக்கு அதைச் சொல்கிறேன். என் சொந்தக் காசில் இரண்டு தடவை பாகம் மாற்றும்போது மட்டும் அது ஞாபகம் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சுபஹுத் தொழுதுவிட்டு, வீதி வெறுமையாக இருக்கும்போது, ஒரு கொப்பியும் பேனையும் எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

எங்களூரின் பெரிய வசதி மேடுதான். ஓர்ஸ் ஹில்லில் இருந்து துறைமுகப் பக்கம் இறங்குகிற சரிவில் இஞ்சினை நிறுத்திவிட்டுப் பைக்கை விட்டால் அதுவாகவே நாற்பது வரை போகும். (செய்து பார்க்கிறவர்கள் சாவியைக் கழற்றவே வேண்டாம்; ஹேண்டில் பூட்டிக்கொண்டால் நேராக ஆஸ்பத்திரிதான். வீதியில் ஆள் இருந்தாலும் வேண்டாம்.)

இஞ்சினை நிறுத்தி, நியூட்ரலில் விட்டேன். முப்பதில் கீச். ஆக, இஞ்சின் இல்லை, கிளச் இல்லை.

அடுத்த தடவை, கத்தும்போதே பின் பிரேக்கை மெல்லத் தொட்டேன். சத்தம் மாறவில்லை. முன் பிரேக்கைத் தொட்டேன். மாறவில்லை. சூ கத்துவதாக இருந்தால், அமத்தியதும் ஒன்றில் நிற்க வேண்டும், அல்லது தொனி மாற வேண்டும். இரண்டும் நடக்கவில்லை. புதுசாகப் போட்ட இரண்டு சோடி சூவின் காசு கண்ணில் வந்து போனது.

வீட்டுக்கு வந்து சென்ரர் ஸ்டாண்டில் போட்டு, கராஜில் செய்த மாதிரியே கியரில் விட்டு முறுக்கினேன். பின்சில்லு பறந்தது. சத்தமில்லை. எத்தனை வேகத்தில் சுற்றுகிறது என்று பார்ப்போம், முப்பதுக்கு மேல் வந்திருக்கிறதா என்று மீற்றரைப் பார்த்தேன்.

முள் பூச்சியத்தில் கிடந்தது.

அப்போதுதான் மகள் சொன்னது ஞாபகம் வந்தது. இரண்டு மூன்று கிழமைக்கு முன், மத்ரஸாவுக்குக் கூட்டிப் போகும்போது, டாங்கியில் இருந்தபடி, "வாப்பா, கிளி கத்தக்குள்ள இந்த முள்ளு நடுங்குது" என்றாள். "சும்மா இருங்க மகள், ரோட்டப் பாருங்க" என்று வாயை மூடிவிட்டேன். ஆறு வயசுப் பிள்ளை மூன்று மாதமாக மீற்றருக்கு நேரே முகத்தை வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். என் கண் வீதியில். மெக்கானிக்கின் கண் செயினில். அவளுடைய கண் மட்டும்தான் இருக்க வேண்டிய இடத்தில் இருந்திருக்கிறது.

இந்த மாதிரிப் பைக்குகளில் வேகமானிக்கு ஓட்டம் வருவது முன்சில்லில் இருந்து. முன்சில்லின் குடத்தில் ஒரு சின்னப் பல்லுச்சில்லு. அதிலிருந்து ஒரு கேபிள் மேலே ஏறி மீற்றருக்குப் போகும். கேபிளின் வெளி உறைக்குள்ளே முறுக்கிய கம்பி ஒன்று சுற்றிக்கொண்டிருக்கும். அது மீற்றருக்குள் ஒரு காந்தத்தைச் சுற்றும். காந்தத்தைச் சுற்றி ஓர் அலுமினியக் கிண்ணம். இரண்டும் ஒன்றையொன்று தொடுவதேயில்லை. காந்தம் சுற்றும்போது கிண்ணத்தில் மின்னோட்டம் தூண்டப்பட்டு, கிண்ணமும் கூடவே சுற்றப் பார்க்கும். ஒரு மெல்லிய சுருளி அதைப் பிடித்து இழுக்கும். அந்த இழுபறி எந்த இடத்தில் நிற்கிறதோ அதுதான் முள் காட்டுகிற வேகம். பதினோராம் தரத்தில் மின்காந்தத் தூண்டல் படிப்பிக்கும்போது இதை உதாரணமாகச் சொல்லலாம். நான் இதுவரை சொன்னதில்லை. இந்த வருடம் சொன்னேன்.

முள் நடுங்குகிறது என்றால் காந்தம் சீராகச் சுற்றவில்லை. சீராகச் சுற்றவில்லை என்றால் கம்பி உறைக்குள்ளே எங்கோ பிடித்துப் பிடித்து விடுகிறது. காய்ந்த இரண்டு பொருள் உராயும்போது முதலில் ஒட்டும், பிறகு சட்டென்று வழுக்கும், மறுபடி ஒட்டும். ஒரு செக்கனுக்கு ஆயிரக்கணக்கான தடவை இது நடந்தால் நமக்குக் கீச்சென்று கேட்கும். கதவுப் பிணைச்சல் கத்துவதும், வயலின் வில் பாடுவதும் இதேதான். எனக்கு நெருக்கமான உதாரணம் கரும்பலகையில் வெண்கட்டி. பிடிக்கிற சரிவை மாற்றினால் அந்தக் கீச் நின்றுவிடும். எல்லா ஆசிரியருக்கும் கை தன்பாட்டில் அதைச் செய்யும்.

கராஜில் சத்தம் வராததுக்குக் காரணமும் அதுவே. ஸ்டாண்டில் போட்டால் பின்சில்லு மட்டும்தான் சுற்றும். முன்சில்லு சும்மா நிற்கும். குற்றவாளி தூங்குகிற நேரம் பார்த்துத்தான் நாங்கள் எல்லோரும் வீட்டைச் சோதித்திருக்கிறோம்.

முன்சில்லடியில் கேபிளின் பூட்டைக் கழற்றி, முனையை ஒரு பொலித்தீனால் சுற்றி, கயிற்றால் கட்டிவிட்டு, மறுபடி மேட்டின் உச்சிக்குப் போனேன். இஞ்சினை நிறுத்தி விட்டேன். முப்பது வந்திருக்கும் என்று நினைக்கிற இடம் தாண்டியது. மீற்றர் இல்லாததால் குத்துமதிப்புத்தான். ஒரு சத்தமும் இல்லை. ரயர் தாரில் உருளுகிற சத்தம், காற்று, காகம். கீழே துறைமுகம் பாய் விரித்த மாதிரிக் கிடந்தது. மூன்று மாதத்துக்குப் பிறகு அந்த அமைதியைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தனியாகச் சிரித்துக்கொண்டு நின்றதை மீன் கூடையோடு வந்த ஓர் அண்ணன் பார்த்துவிட்டுப் போனார். அவர் இதை வாசித்தால், காரணம் இதுதான் அண்ணன்.

கதை இதோடு முடிந்திருந்தால் இந்தப் பதிவு வந்திருக்காது.

அன்றே பின்னேரம் எங்கள் பக்கத்துக் கராஜ் தம்பியிடம் கொண்டு போனேன். கேபிளுக்குப் பதிலாக அவர் நேராக முன்சில்லைக் கழற்றினார். "கேபிள் காஞ்சிரிக்கு எண்டா, அது பூட்டுற இடமும் காஞ்சிதான் சேர் இரிக்கும்" என்றார். சரியான கதை. பல்லுச்சில்லில் கிரீஸ் இருந்த இடத்தில் மண் மாதிரி ஏதோ காய்ந்து கிடந்தது. தூசு மறைக்கிற ரப்பர் வெடித்திருந்தது. சூவின் தூசைக் காற்றடித்துத் துப்புரவாக்கப் போனவரை நான் நிறுத்தினேன். பழைய பிரேக் சூக்களில் கல்நார் கலந்திருக்கலாம், அந்தத் தூசு நுரையீரலுக்குப் போனால் திரும்பாது. ஈரத் துணியால் துடைக்கச் சொன்னேன். எனக்காகத் துடைத்தார், அடுத்த பைக்குக்குத் துடைப்பாரோ தெரியாது.

பிறகு அவர் விரலை பியரிங்குக்குள் விட்டுச் சுற்றினார். சுற்றவில்லை, கரகரவென்று அரைந்தது. கழற்றி என் கையில் தந்தார். இரண்டு பியரிங்கும் துரு. ஒன்றில் குண்டுகள் பள்ளம் விழுந்து, உள்வளையம் ஆடியது. "இன்னொரு மாரிக்கு இது தாங்காது சேர். ஓட்டத்தில இறுகினா முன்சில்லு நிண்டிடும்" என்றார். முன்சில்லு நின்றால் டாங்கியில் யார் இருக்கிறார் என்று நான் அவருக்குச் சொல்லவில்லை.

கேபிளின் சத்தம் ஒரு தீங்கும் செய்யாத சத்தம். உயிரை எடுக்கக்கூடியது அதன் பக்கத்தில் ஒரு சத்தமும் போடாமல் இருந்திருக்கிறது. பியரிங் இரண்டும் ரப்பரும் அன்றே மாற்றினோம். கேபிள் கடையில் இல்லை, இரண்டு நாளில் வரும் என்றார்கள். அதுவரைக்கும் பழையதையே பூட்டிக்கொண்டேன். துருப்பிடித்த பியரிங்குகளை ஒரு ஷொப்பிங் பையில் போட்டுத் தரச் சொன்னேன்.

ஏன் என்று உங்களுக்கு விளங்கியிருக்கும். பெரியவரின் முகத்துக்கு நேரே நீட்டத்தான்.

வீட்டில் மனைவியிடம் காட்டினேன். "பாத்தீங்களா, இதைத் தெரிஞ்சிட்டே வித்திரிக்காரு" என்றேன். அவ கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "வாங்கின அண்டைக்கே அவரு சொன்னாரே" என்றா. "என்ன சொன்னாரு?" "ரெண்டு வருஷமா ஓடாமக் கிடக்கு தம்பி, கடக்காத்து வேற, ஒருக்கா சில்லெல்லாம் கழட்டிக் கிரீஸ் போட்டிட்டு ஓடுங்க எண்டு சொன்னாரு. நீங்க போட்டோ எடுத்திட்டு நிண்டீங்க. அந்தப் பதிவ எழுதின ராவும் நான் சொன்னேன். நீங்க கேக்கல்ல."

எனக்கு உண்மையாகவே ஞாபகம் இல்லை. ஆனால் என் போனில் அந்த நாளின் படங்கள் இருந்தன. பதினொன்று. ஒன்றில் பெரியவர் முன்சில்லைக் கையால் காட்டிக்கொண்டு நிற்கிறார். வாய் பாதி திறந்தபடி. நான் பைக்கைத்தான் எடுத்திருக்கிறேன். அவர் ஓரத்தில் விழுந்திருக்கிறார்.

அப்படியிருந்தும் மனசு ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டது. பியரிங் சரி, சொன்னார் என்று வைப்போம். ஆனால் இந்தச் சத்தம்? சத்தமே இல்லை என்று சொன்னது பொய்தானே? விற்கிற பொருளின் குறையைச் சொல்லி விற்க வேண்டும் என்பது நமக்கு மார்க்கம் சொன்னது. எல்லா நல்ல மனிதருக்கும் மனச்சாட்சி சொல்வதும் அதுதான். அதைக் கேட்டே தீருவது என்று அடுத்த நாள் அஸருக்குப் பிறகு அவருடைய வீட்டுக்குப் போனேன்.

அவர் படலையடியில் நின்றார். என்னைக் கண்டதும் சிரித்தார். மூன்று மாதமாக நான் ஸலாமும் வணக்கமும் இல்லாமல் அவருடைய வாசலைக் கடந்து போயிருக்கிறேன், அவர் சிரித்தார். "ஐயா, இதைக் கேளுங்க" என்றுவிட்டு, வீட்டுக்கு முன்னால் வீதியில் மேலும் கீழுமாக மூன்று தடவை ஓடினேன். பழைய கேபிள் அன்றைக்கு ஒரு நாளும் இல்லாத மாதிரிக் கத்தியது. பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. உள்ளேயிருந்து அவருடைய மனைவி காதைப் பொத்திக்கொண்டு விறாந்தைக்கு வந்தார். நான் நிறுத்திவிட்டு, "இப்ப சொல்லுங்க ஐயா" என்றேன்.

அவர் தலையைச் சரித்து, இஞ்சினைப் பார்த்து, "நல்லாத்தானே தம்பி ஓடுது. இஞ்சின் அப்பிடியே இருக்கு" என்றார்.

அந்த முகத்தில் பொய் இல்லை. மூன்று மாதமாக நான் போனில் கேட்ட அதே குரல்தான். முகத்தை இப்போதுதான் பார்க்கிறேன்.

அந்த அம்மாதான் மெல்லச் சொன்னார். "அவருக்கு அது கேக்காது தம்பி. குக்கர் கூவினாலும் கேக்காது. போன் அடிச்சாலும் நான்தான் எடுத்துக் குடுக்கிறது. முப்பது வருஷம் இரும்பில சுத்தியலால தட்டித் துருக் கழட்டினவர். கதைக்கிறது கேக்கும், ஆனா அரைவாசிதான்."

நான் அந்த இடத்தில் நின்றபடி யோசித்தது ஒரு விஞ்ஞான ஆசிரியனுக்கு வெட்கமான விசயம். மனிதக் காது கேட்பது 20 ஹேர்ட்ஸ் முதல் 20,000 ஹேர்ட்ஸ் வரை என்று ஒவ்வொரு வருடமும் கரும்பலகையில் எழுதுகிறேன். வயது போகப் போக மேல்பக்கத்திலிருந்துதான் கேள்வி குறையும். உயர் சுருதிச் சத்தங்கள் முதலில் போகும், தாழ்ந்தவை கடைசிவரை கேட்கும். பெரும் இரைச்சலுக்குள் வேலை செய்தவர்களுக்கு 4,000 ஹேர்ட்ஸ் பக்கம் முதலில் அடிவிழும். உட்காதில் சத்தத்தை உணர்கிற நுண்மயிர்க் கலங்கள் செத்துப் போனால் மனிதனுக்குத் திரும்ப முளைக்காது. அப்படிப்பட்ட காதுக்கு இஞ்சினின் "டுப்டுப்" நன்றாகக் கேட்கும். குக்கர், தொலைபேசி, குருவி, இந்தக் கேபிள், இவையெல்லாம் உலகத்தில் இல்லாத சத்தங்கள். பேச்சிலும் "ச", "ஸ" மாதிரி மெல்லிய எழுத்துகள் தவறிப் போகும். அன்று போனில் நான் "சத்தம்" என்று சொன்னபோது அவருக்கு எது விழுந்ததோ.

அவருக்குத் தெரிந்த குறையை அவர் சொல்லித்தான் விற்றிருக்கிறார். தெரியாததை எப்படிச் சொல்வார்?

ஷொப்பிங் பையை நான் வெளியில் எடுக்கவில்லை. அவரே கேட்டார், "பையில என்ன தம்பி?" என்று. காட்டினேன். துருவைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. பியரிங்கை வெளிச்சத்துக்குப் பிடித்து, விரலால் சுற்றி, "ஐயோ, பிள்ளையளோட ஓடினீங்களே" என்றார். உள்ளே போய் ஐயாயிரம் ரூபாய் கொண்டு வந்து என் கையில் திணிக்கப் பார்த்தார். நான் வாங்கவில்லை. அந்தப் பதிவைப் பற்றி நானாகத்தான் எடுத்தேன். அவருக்கு ஃபேஸ்புக் இல்லை. ஆனால் தெரிந்திருந்தது. வெளிநாட்டில் இருக்கிற பேத்தி வாசித்துவிட்டு அழுதுகொண்டு கோல் எடுத்தாளாம். எங்கள் பக்கத்துக் கடையில் ஒருவர் முகத்துக்கு நேரே கேட்டாராம். அதற்குப் பிறகு அவர் அந்தக் கடைக்குப் போகவில்லையாம். கொஞ்சம் தள்ளியிருக்கிற கடைக்கு நடந்து போகிறாராம். இதையெல்லாம் சொன்னதும் அந்த அம்மாதான். அவர் அந்த நேரம் தேத்தண்ணிக்குச் சீனி போடுகிறாரா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆகவே, வெளிப்படையாக எழுதுகிறேன். அந்தப் பதிவில் நான் சொன்னது பிழை. அவர் என்னை ஏமாற்றவில்லை. பைக்கின் நிலையை வாங்கும்போதே சொன்னார். நான் காது கொடுக்கவில்லை. அவருடைய சமூகத்தைப் பற்றி எழுதப்பட்ட அந்தக் கருத்தை அன்றே அழித்திருக்க வேண்டும். மூன்று மாதம் என் சுவரில் தொங்க விட்டேன். அதுக்கு அவரிடம் நேரில் மன்னிப்புக் கேட்டேன். அந்த வீட்டாரிடமும், வாசித்து மனம் நொந்த மற்றவர்களிடமும் இங்கே கேட்கிறேன். கருத்தை நீக்கிவிட்டேன். பதிவை நீக்கவில்லை, அதன் மேலேயே "இது தவறு" என்று எழுதி இந்தப் பதிவை இணைத்திருக்கிறேன். அழித்துவிட்டால் நான் எழுதவேயில்லை என்று ஆகிவிடும், அதுவும் ஒரு பொய். அன்று பகிர்ந்த முப்பத்தேழு பேரும் இதையும் பகிருங்கள். லைக் போட்ட பதினான்கு பேரின் பெயரும் எனக்குத் தெரியும். நான் அதை யாருக்கும் சொல்லப் போவதில்லை. அந்தக் கடைக்கார நானா இதை வாசிப்பார். ஒருக்கா அவருடைய வீட்டுக்குப் போய்ட்டு வாங்க நானா.

இன்பொக்ஸில் பைக் பற்றிக் கேட்கிறவர்களுக்காக ஒன்றிரண்டு. புது கேபிளைப் பூட்டும் முன் உள்கம்பியை இழுத்துக் கிரீஸ் பூசுங்கள். ஆனால் மேல்முனையில், மீற்றருக்குள் போகிற பக்கத்தில், விரல் நீளத்துக்குப் பூசாமல் விடுங்கள். சுற்றச் சுற்ற கிரீஸ் மேலே ஏறி மீற்றருக்குள் போனால் முள் ஒட்டிக்கொள்ளும். கேபிளைச் சட்டென்று மடித்துக் கட்ட வேண்டாம். கடலோரம் நிற்கிற பைக் என்றால், ஓட்டம் குறைவு என்று சந்தோசப்படாமல், வாங்கிய அன்றே இரண்டு சில்லையும் கழற்றிப் பாருங்கள். ஒழுங்கைக்குள் ஓட்டிப் பார்த்து வாங்காதீர்கள். பெரிய வீதியில், நாற்பதில், பின்னால் ஓர் ஆளை ஏற்றி ஓட்டிப் பாருங்கள். விற்கிறவர் பேசும்போது போட்டோ எடுக்காதீர்கள்.

போன வியாழக்கிழமை அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு காது கிளினிக்குக்குப் போனேன். பாடசாலைக்கு அரை நாள் லீவு. காது கேட்கிற கருவி வைத்தால் பேச்சாவது கொஞ்சம் தெளியும் என்று சொன்னார்கள். இன்னும் ஒரு தடவை போக வேண்டும். புது கேபிள் போட்டாயிற்று. மேட்டால் இறங்கும்போது பின்னால் இருந்து தோளைத் தட்டினார்.

"தம்பி, இப்ப அந்தச் சத்தம் போட்டுதோ?"

"போய்ட்டு ஐயா!" என்றேன்.

"என்ன?"

"போய்ட்டு ஐயா!" என்று கத்தினேன். வீதியில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.